ஒப்பந்தத்தை மீறும் நிர்வாகம்: கிரீவன்ஸ் போடுவதா, வாரியத்துக்குப் போவதா, வேலையை நிறுத்துவதா?

அமெரிக்காவில் யூபிஎஸ் என்ற பார்சல் டெலிவரி நிறுவனத்தின் பழுப்பு வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கும் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர்களுக்கும் டீம்ஸ்டர்ஸ் சங்கம் வாங்கிக் கொடுத்திருக்கும் ஒப்பந்தம் சின்ன விஷயம் இல்லை. ஏறத்தாழ 3,40,000 பேருக்குப் பொருந்துவது, 2023 ஆகஸ்டில் 86.3 சதவீத வாக்கோடு நிறைவேறியது, 2028 ஜூலை 31 வரை செல்லும். பகுதி நேர ஆளுக்குக் குறைந்தது மணிக்கு 21 டாலர், 2024 முதல் வாங்கும் புது டெலிவரி வண்டிகளில் ஏசி, வண்டிக்குள் ஓட்டுநர் முகத்தைப் பார்க்கும் கேமரா கூடாது, விடுப்பு நாளில் கட்டாய ஓவர்டைம் கூடாது என்று பட்டியல் நீளம். சரி, தாளில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை சூப்பர்வைசர் அதை மீறினால், அன்றைக்கு, அந்த இடத்தில், சங்க உறுப்பினர் என்ன செய்ய வேண்டும்? அதற்கு நான்கைந்து வழிகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே மாதிரி இல்லை, சிலவற்றைத் தப்பான நேரத்தில் எடுத்தால் வேலையே போய்விடும்.

மீறல் என்றால் பெரிய சதி எதுவும் தேவையில்லை. கன்வேயரில் பெட்டி குவிகிறது, ஆள் போதவில்லை, சூப்பர்வைசர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே ஏற்ற ஆரம்பிக்கிறார். பார்க்க நல்ல மனசு மாதிரி இருக்கும். ஆனால் தேசிய ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு 7ஆம் உட்பிரிவு சூப்பர்வைசரின் வேலை மேற்பார்வை மட்டும்தான் என்கிறது, அவர் தூக்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு தொழிலாளியின் மணிநேரத்திலிருந்து போகிறது. இன்னொன்று, ஓட்டுநரைத் தினமும் பதினொரு மணி நேரம் ரூட்டில் வைத்திருப்பது. மூன்றாவது, அறைக்குள் கூப்பிட்டு கதவைச் சாத்தி விசாரிப்பது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் எந்த வழி சரி என்பது மீறல் என்ன ரகம் என்பதைப் பொறுத்தது.

நம் ஊரில் போக்குவரத்துக் கழகத்திலோ ஆலையிலோ 12(3) ஒப்பந்தம், அதாவது தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தம், பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒப்பந்த மீறல் என்றதும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஓட வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் அரசு கடைசியில்தான் வருகிறது. ஒப்பந்தமே தனக்குள் ஒரு நீதிமன்றத்தைக் கட்டி வைத்திருக்கிறது, முதலில் அதன் வாசலில்தான் நிற்க வேண்டும்.

முதல் வழி, சூப்பர்வைசரிடம் நேரில் பேசி முடித்துக்கொள்வது. காசு செலவில்லை, பகை இல்லை, பாதி நேரம் வேலையும் செய்யும். சின்னத் தவறுக்கு, முதல் தடவைக்கு, புது சூப்பர்வைசருக்கு இது போதும். ஆனால் சங்கத்தின் ஸ்டூவர்ட், அதாவது உங்களோடு வேலை பார்க்கும் சங்கப் பிரதிநிதி, பக்கத்தில் இல்லாமல் பேசாதீர்கள். 'இன்றைக்கு விட்டுவிடு, வெள்ளிக்கிழமை சீக்கிரம் அனுப்புகிறேன்' என்பது மாதிரி தனி ஏற்பாட்டுக்கு ஒப்பந்தத்தில் மரியாதை கிடையாது. ஒப்பந்தத்துக்கு முரணாகத் தனி ஆளோடு உடன்பாடு செய்யக்கூடாது என்று 6ஆம் பிரிவே சொல்கிறது. வெள்ளிக்கிழமை அவர் வேறு ஷிப்டுக்கு மாறியிருப்பார், உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

இரண்டாவது வழிதான் உண்மையான வழி, கிரீவன்ஸ். எழுத்தில் போடும் புகார். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் சும்மா ஒரு ஃபாரம் என்று நினைக்கிறார்கள், அப்புறம் 'சங்கம் ஒன்றும் செய்யவில்லை' என்று திட்டுகிறார்கள்.

சூப்பர்வைசர் பெட்டி தூக்கிய கேஸை எடுத்துக்கொள்வோம். தண்டனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: அவர் வேலை செய்த நேரத்துக்கு, பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு இரண்டு மடங்கு சம்பளம். மணிக்கு 24 டாலர் வாங்கும் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், சூப்பர்வைசரின் 40 நிமிடத்துக்கு 32 டாலர் வரும். 32 டாலருக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுத வேண்டும். எழுதும்போது சூப்பர்வைசர் பெயர், எந்த பெல்ட், எத்தனை மணிக்குத் தொட்டார், எத்தனை மணிக்கு விட்டார், யார் பார்த்தார்கள், அந்த வேலையைச் செய்யக்கூடிய யாரை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள், இவ்வளவும் இருக்க வேண்டும். 'சூப்பர்வைசர் எப்போதும் எங்கள் வேலையைச் செய்கிறார்' என்று ஒரு வரி எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும், போவதில் தப்பும் இல்லை.

ஓவர்டைம் கேஸ் இன்னும் சுவாரசியம். தினம் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட விரும்பாத ஓட்டுநர்கள் அதற்கென்றே இருக்கும் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு ஒரே வாரத்தில் மூன்று நாள் அந்த வரம்பைத் தாண்ட வைத்தால், தாண்டிய நேரத்துக்கு மூன்று மடங்கு சம்பளம் கேட்டு கிரீவன்ஸ் போடலாம். கிறிஸ்துமஸ் நெரிசல் காலத்துக்கு இது பொருந்தாது. இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இந்த உரிமை தானாக வராது, எத்தனையோ பேர் மூன்று வருடம் புலம்பிவிட்டு அப்புறம்தான் பெயர் கொடுக்கிறார்கள். இரண்டாவது, மூன்று மடங்கு கிடைக்கிறதே என்று ஓட்டுநரே அதை ஒரு வருமானமாகப் பார்க்க ஆரம்பித்தால் ரூட் குறையவே குறையாது. நிறுவனத்தின் கணக்கில் அது இன்னொரு ஆளை வேலைக்கு எடுப்பதைவிட மலிவாக இருக்கும் வரை காசோலை வந்துகொண்டே இருக்கும், முதுகுவலியும் வந்துகொண்டே இருக்கும். காசு வேண்டுமா, நேரம் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துவிட்டு கிரீவன்ஸில் இரண்டையும் கேளுங்கள், நஷ்டஈடும் வேண்டும், ரூட்டையும் குறைக்க வேண்டும் என்று.

கிரீவன்ஸ் எழுதிய பிறகு அது எங்கே போகிறது? முதலில் கிடங்கு அளவில் ஸ்டூவர்டும் மேனேஜரும் உட்காருவார்கள், அப்புறம் லோக்கல் சங்கத்தின் பிரதிநிதி. தீராவிட்டால் பேனலுக்குப் போகும். இந்த பேனலில் சங்கத்தின் ஆட்களும் நிறுவனத்தின் ஆட்களும் சம எண்ணிக்கையில் உட்காருகிறார்கள், நடுநிலை ஆள் கிடையாது. சமமாகப் பிரிந்து நின்றால் இரு தரப்புக்கும் பொதுவான நடுவரிடம் போகும். பேனலில் ஒரே நாளில் நிறைய கேஸ் ஓடும், ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்குவது நடக்கத்தான் செய்யும், அதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. சாட்சியும் தேதியும் உள்ள கேஸை விட்டுக்கொடுப்பது யாருக்கும் கஷ்டம், வெறும் கோபம் மட்டும் உள்ள கேஸ்தான் முதலில் பலியாகும். இன்னொன்று, 1960இல் எஃகுத் தொழிலாளர் சங்க வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்னது முதல் இன்றுவரை நடுவர் தீர்ப்பை நீதிமன்றங்கள் பெரும்பாலும் கிளறுவதில்லை. அங்கே தோற்றால் அநேகமாக அதோடு சரி. கிரீவன்ஸை எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் துணை ஒப்பந்தத்தில் மாறும், சில இடங்களில் மிகக் குறைவு, அதனால் வார இறுதிவரை யோசித்துப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போகாதீர்கள்.

கிரீவன்ஸின் இன்னொரு பலம் பலருக்குத் தெரிவதில்லை. புகாரை நிரூபிக்கத் தேவையான ஆவணங்களை நிறுவனத்திடம் கேட்டு வாங்க சங்கத்துக்குச் சட்ட உரிமை இருக்கிறது, 1967இலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உரிமை. வருகைப் பதிவு, ஸ்கேன் நேரங்கள், யாரை எப்போது வீட்டுக்கு அனுப்பினார்கள் என்ற பதிவு, எல்லாம் கேட்கலாம். நல்ல ஸ்டூவர்டுக்கும் சாதாரண ஸ்டூவர்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு கடிதத்தில்தான் தெரியும். கொடுக்காமல் இழுத்தடித்தால் அதுவே தனியாக ஒரு சட்ட மீறல்.

தனி ஆளாகப் போடுவதா, கும்பலாகப் போடுவதா? என் அபிப்பிராயம் சந்தேகமில்லாமல் கும்பல்தான். ஒரே சூப்பர்வைசர் மேல் ஒரே வாரத்தில் பதினைந்து பேர் தனித்தனியாக, தேதி நேரத்தோடு போட்டால், தொகை சின்னதாக இருந்தாலும் மேலே இருப்பவர்கள் கேட்பார்கள், 'அந்த பில்டிங்கில் என்ன நடக்கிறது' என்று. டீம்ஸ்டர்ஸுக்குள்ளேயே 1976 முதல் இயங்கும் சீர்திருத்த அணி, டீம்ஸ்டர்ஸ் ஃபார் எ டெமாக்ரடிக் யூனியன், இதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறது. வேலை தொடங்கும் முன், இடைவேளையில், எல்லோரும் சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுப்பதும் இதில் சேரும், அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வேலை நேரத்தில் பெல்ட்டை விட்டு இறங்கி நின்றால் அது வேறு கதை.

அந்த வேறு கதைக்கு வருவோம். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, கிரீவன்ஸில் தீர்க்கக்கூடிய விஷயத்துக்காக வேலையை நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. 1970இல் பாய்ஸ் மார்க்கெட்ஸ் வழக்கில், அப்படிப்பட்ட நிறுத்தத்துக்கு நீதிமன்றம் தடை விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014 பிப்ரவரியில் நியூயார்க்கின் குயின்ஸ், மாஸ்பெத் கிடங்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். சக ஓட்டுநர் ஒருவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள், சங்க வேலையில் முன்னால் நின்றவர். டீம்ஸ்டர்ஸின் உள்ளூர்க் கிளையான லோக்கல் 804ஐச் சேர்ந்த சுமார் 250 ஓட்டுநர்கள் காலையில் ஒன்றரை மணி நேரம் வண்டி எடுக்காமல் வெளியே நின்றார்கள். நிறுவனம் 250 பேருக்கும் பணிநீக்கக் கடிதம் கொடுத்தது. நகர அரசியல்வாதிகள் தலையிட்டார்கள், வாகன நிறுத்த அபராதத்தில் நகரம் நிறுவனத்துக்குக் கொடுக்கும் சலுகையில் கை வைப்போம் என்கிற அளவுக்குப் போனது, கடைசியில் ஏப்ரலில் ஒரு வழியாக வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஓட்டுநர்களுக்குச் சம்பளமில்லாமல் பத்து நாள் தண்டனை, நிறுவனத்தின் நஷ்டத்துக்குச் சங்கமும் ஒரு தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு இந்த விலை. அவர்கள் கோபம் நியாயமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் நியூயார்க் மாதிரி சங்கத்துக்கு ஆதரவான ஊர், தொலைக்காட்சி கேமராக்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் அழுத்தம் இதெல்லாம் இல்லாத ஒரு சின்ன ஊர்க் கிடங்கில் இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எதிர் உதாரணமும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. 1994 பிப்ரவரியில் யூபிஎஸ் ஒரு பெட்டியின் எடை வரம்பை 70 பவுண்டிலிருந்து 150 பவுண்டுக்கு உயர்த்தியது, சங்கத்தோடு பேசி முடிக்காமலே. சங்கத் தலைவர் ரான் கேரி, அவரே குயின்ஸில் யூபிஎஸ் வண்டி ஓட்டியவர், அதே லோக்கல் 804இன் தலைவராக இருந்தவர், நீதிமன்றத் தடையையும் மீறி நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்தார். ஒரே நாளில் நிறுவனம் இறங்கி வந்தது, 70 பவுண்டுக்கு மேற்பட்ட பெட்டிக்கு உதவி ஆள் கேட்கும் உரிமை கிடைத்தது. ஆனால் அது தேசியத் தலைமை முடிவு செய்து எடுத்த ஆபத்து, பின்னால் வழக்கறிஞர் படையும் சங்கத்தின் கஜானாவும் இருந்தன. ஒரு கிடங்கில் இருபது பேர் காபி குடிக்கும்போது எடுக்க வேண்டிய முடிவு இல்லை. 1997இல் 1,85,000 பேர் 15 நாள் நின்று 10,000 முழுநேர வேலைகளுக்கு உறுதி வாங்கினார்களே என்று கேட்டால், அது பழைய ஒப்பந்தம் முடிந்த பிறகு நடந்தது. முடிந்த பிறகு நிறுத்துவது உரிமை, நடுவில் நிறுத்துவது சூதாட்டம்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு, பாதுகாப்பு. பொதுவாக 'முதலில் சொன்னதைச் செய், அப்புறம் கிரீவன்ஸ் போடு' என்பதுதான் விதி. சூப்பர்வைசர் கட்டளை தப்பு என்று தெரிந்தாலும் செய்துவிட்டுத்தான் சண்டை போட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்படியவில்லை என்று நீக்குவார்கள், அதை நடுவரும் ஆதரிப்பார். பிரேக் சரியில்லாத வண்டியை ஓட்டச் சொன்னால் இந்த விதி பொருந்தாது. டெட்ராய்ட் பக்கம் குப்பை லாரி ஓட்டிய ஒரு டீம்ஸ்டர், பிரேக் கோளாறு என்று ஒரு லாரியை எடுக்க மறுத்து வேலையை இழந்தார். அவர் தனி ஆளாகத்தான் மறுத்தார், சங்கத்தின் பெயரைக்கூட எடுக்கவில்லை. 1984இல் சிட்டி டிஸ்போசல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தில் உள்ள உரிமையை நேர்மையாக, நியாயமான காரணத்தோடு ஒரு ஆள் எடுத்துச் சொன்னாலே அது கூட்டு நடவடிக்கைதான் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே மறுக்கும்போது 'எனக்கு முடியாது' என்று சொல்லாமல், 'இந்த வண்டியின் பிரேக்கில் இன்ன கோளாறு, இது பாதுகாப்பில்லை, வேறு வண்டி கொடுங்கள், இப்போதே போகிறேன்' என்று சொல்லுங்கள். ஸ்டூவர்ட் காதில் விழும்படி சொல்லுங்கள். கடைசிப் பாதி ரொம்ப முக்கியம், வேலை செய்யத் தயாராக இருக்கிறீர்கள் என்பது பதிவாக வேண்டும்.

அறைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். விசாரணையில் தண்டனை வரலாம் என்று தோன்றினால் சங்கப் பிரதிநிதி வேண்டும் என்று கேட்கும் உரிமை 1975இன் வைன்கார்ட்டன் தீர்ப்பிலிருந்து இருக்கிறது. கேட்க வேண்டியது நீங்கள், அவர்களாக ஞாபகப்படுத்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வரும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். கிடங்குகளில் ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் செய்த தவறால் இல்லை, அதை விளக்குகிறேன் என்று பேசிய பேச்சால்தான். நேர்மையின்மை என்ற குற்றச்சாட்டாக அது மாறிவிட்டால், மேல்முறையீடு முடியும் வரை வேலையில் தொடரலாம் என்ற பாதுகாப்பும் உதவாது.

தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தும் அரசு அமைப்பான தேசிய தொழிலுறவு வாரியத்துக்குப் போவது எப்போது? நிறையப் பேர் இதைக் கிரீவன்ஸைவிட பெரிய ஆயுதம் என்று நினைக்கிறார்கள். புகார் கொடுக்கச் செலவில்லை, வக்கீல் வேண்டாம், சங்கம் கேஸை எடுக்காவிட்டாலும் தனியாகப் போகலாம், இதெல்லாம் உண்மை. ஆனால் சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஒப்பந்தத்தின் வரிக்கு என்ன பொருள் என்பதுதான் தகராறு என்றால், 1971இன் காலியர் தீர்ப்பின்படி வாரியம் அநேகமாக 'முதலில் நடுவரிடம் போய் வாருங்கள்' என்று ஒதுக்கி வைத்துவிடும். அபராதம் போடும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை, இழந்த சம்பளத்தை வாங்கிக் கொடுக்கலாம், வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம், சுவரில் அறிவிப்பு ஒட்டச் சொல்லலாம். வேகமும் கிடையாது. 2025 ஜனவரியில் ஒரு உறுப்பினரை அதிபர் நீக்கியதும் தீர்ப்பு சொல்லத் தேவையான எண்ணிக்கையே இல்லாமல் வாஷிங்டனில் வாரியம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அதனால் சூப்பர்வைசர் பெட்டி தூக்கினார் என்று வாரியத்துக்குப் போவது வீண் வேலை. கிரீவன்ஸ் போட்டதற்காக உங்களைப் பழிவாங்கினால், ஸ்டூவர்டை மறுத்தால், கேட்ட ஆவணங்களைக் கொடுக்காவிட்டால், அங்கேதான் வாரியம் உதவும். அப்போதும் கிரீவன்ஸை நிறுத்தாதீர்கள், இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

நீதிமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரீவன்ஸ் வழியை முடிக்காமல் நேரே போக முடியாது. முடித்த பிறகு போனாலும், நிறுவனம் மீறியது என்று மட்டும் நிரூபித்தால் போதாது, சங்கமே உங்கள் கேஸைப் பாரபட்சமாகவோ கெட்ட எண்ணத்தோடோ கையாண்டது என்றும் நிரூபிக்க வேண்டும். சங்கம் திறமையில்லாமல் வாதாடியது என்பது பெரும்பாலும் போதாது. அதற்கும் ஆறு மாதம்தான் கெடு. வேலையே போய்விட்ட நிலையில், சங்கம் கேஸை வேண்டுமென்றே கைவிட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால் மட்டும் வக்கீலைப் பாருங்கள்.

ஒப்பந்தம் இல்லாத டெலிவரி நிறுவனங்களில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெட்எக்ஸ் கிரவுண்டிலும் அமேசானிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்ததாரர்களிடம் வேலை பார்க்கிறார்கள், பேனலும் இல்லை, நடுவரும் இல்லை, அவர்களுக்கு வாரியமும் நீதிமன்றமும்தான்.

ஆக எதை எடுப்பது? பெட்டி தூக்கும் சூப்பர்வைசருக்கு, ஒரு தடவை வாய் வார்த்தை, இரண்டாவது தடவையிலிருந்து ஒவ்வொரு தடவையும் கிரீவன்ஸ், முடிந்தால் பலராக. ஓவர்டைமுக்கு, இன்றைக்கே பட்டியலில் பெயர், தினமும் கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் நோட்டில். பிரேக்குக்கு, மறுப்பு. அறைக்கு, ஸ்டூவர்ட். பழிவாங்கலுக்கு, வாரியம். இதில் பணம் குறைவாகக் கிடைக்கும் வழிதான் நீண்ட காலத்தில் அதிகம் கொடுக்கிறது என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 ஒப்பந்தத்தில் 22.4 என்று ஒரு புது வகை ஓட்டுநர் வேலையைக் கொண்டுவந்தார்கள், உள்வேலையும் டெலிவரியும் கலந்து செய்பவர்கள், சம்பளம் குறைவு. நடைமுறையில் பல இடங்களில் அவர்கள் நாள் முழுக்க டெலிவரிதான் செய்தார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தே வாக்களித்திருந்தார்கள், பாதிப் பேருக்கும் குறைவாக வாக்களித்தால் வெறும் பெரும்பான்மை எதிர்ப்பு போதாது என்ற விதியைக் காட்டித் தலைமை அதை நிறைவேற்றியது. அடுத்த ஐந்து வருடம் 22.4 ஓட்டுநர்கள் கிரீவன்ஸ் மேல் கிரீவன்ஸ் போட்டார்கள், சங்கத் தேர்தலில் தலைமையும் மாறியது, 2023 பேச்சுவார்த்தையில் அந்த வகையே ஒழிக்கப்பட்டு அவர்கள் வழக்கமான ஓட்டுநர்களாக ஆனார்கள். பேச்சுவார்த்தை மேசையில் எங்கே, எப்போது, எத்தனை முறை என்று காட்ட கையில் தாள் இருந்தது.

அடுத்த பேச்சுவார்த்தை 2028க்கு முன்னால் வரும். போடும் கிரீவன்ஸில் தேதி போட்ட நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வீட்டில் வையுங்கள். லோக்கல் அலுவலகத்தில் தொலைந்துவிட்டது என்றால், நீங்கள் எப்போது போட்டீர்கள் என்பதற்கு அந்த நகல்தான் சான்று.